சேர்வர்க்காரரின் கொப்பி

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த எங்கள் நிவாரண அலுவலகத்தில், அகதி முகாம் படங்களை எல்லாக் கணினிகளிலும் பார்க்கும்படி சேர்வர் அமைத்தவர் அவர். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை, காதில் செருகிய பேனை. இருந்த இடத்திலேயே படம் பார்க்கத்தான் சேர்வர். அவரோ, முதலில் தன் மேசைக்கு நடந்து வந்து கொப்பியில் பெயரெழுதச் சொன்னார். சுத்தக் கோமாளித்தனம்.

"ரோட்டில இருக்கிற செக்பொயின்ற் காணாதா? உள்ளுக்கும் ஒண்டு போடுறீங்களா?" என்றேன்.

"ஆர் பாத்ததெண்டு கேட்டு வந்தா நான் என்னத்தக் காட்டுற?" என்றார்.

காட்டிக்கொடுக்கவே பிறந்தவர் என்று நினைத்தேன்.

முகாம் படமொன்று வெளியே போய்விட்டதென்று ஒருநாள் இராணுவத்தினர் துவக்குகளோடு வந்து, பார்த்தவர் யார் என்று கேட்டார்கள். கொப்பியை நீட்டினார். எல்லா வரியிலும் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நாங்கள் பெயரெழுதிய கொப்பியை அவர் என்ன செய்தாரென்று இன்றுவரை தெரியாது.