விறகு மண்டித் தராசு

ஐம்பதுகளில் நான் கல்லூரிக் குத்துச்சண்டை அணியில் இருந்தேன். பெரிய வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரே கையுறை மாட்டிக்கொண்டு நிற்பவனைக் கண்டு நான் பயந்ததில்லைதான். ஆனால் சோற்றைக் கண்டு பயந்தேன்.

எல்லாம் எடையால் வந்த வினை. அணியில் என் இடம் ஓர் எடைப்பிரிவுக்கான இடம். போட்டியன்று காலையில் ஒரு ராத்தல் கூடிவிட்டாலும் இடம் போச்சு. இடம் போனால் கல்லூரி தந்த கட்டணச் சலுகையும் போச்சு. சலுகை நின்றால் படிப்பை விட்டுவிட்டு மில்லுக்கு வந்துவிடு என்று அப்பா முன்னமே சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். மில் சங்கு ஊதும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வேன்.

கல்லூரியில் நல்ல தராசு இருந்தது, பயிற்சியாளரின் அறையில். அதில் ஏற எனக்குத் தைரியமில்லை. எடை கூடியிருப்பதை அவர் பார்த்துவிட்டால் அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவாரே! அதனால் நீலசந்திராவில் எங்கள் தெருமுனை விறகு மண்டிக்குப் போவேன். சங்கிலியில் தொங்கும் பெரிய தராசில், விறகு அடுக்கும் பலகைமேல் குந்திக்கொள்வேன். மறு தட்டில் மண்டிக்காரர் எடைக்கற்களை வைப்பார்.

"இன்னா தம்பி, பாக்கறதுக்குக் குச்சியாட்டம் கீற, எடை மட்டும் இவ்ளோ காட்டுதே!" என்று சிரிப்பார். எனக்கு உயிரே போய்விடும்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போட்டி. அதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்? வீடு முழுக்கக் கல்கல் பலகாரம் பொரியும் வாசனை. கோயிலில் பூசை முடிந்து வந்தால் ஆட்டுக்கறிக் குழம்பு. அக்கம்பக்கத்திலிருந்து துணி மூடிய தட்டுகள் வேறு வந்துகொண்டே இருந்தன.

"ரெண்டு வாயாவது துன்னுடா கண்ணு. பண்டிகை நாளும் அதுவுமா நீ பட்டினி கெடந்தா பெத்த வயிறு எரியாதா?" என்றாள் அம்மா.

"நக்கோம்மா, வேணாம்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அப்பா காதுக்குப் போய்விடும். ஒரு கல்கல்லை எடுத்து மோந்து பார்த்துவிட்டு டப்பாவிலேயே போட்டேன். என் கை என்னையும் மீறி அதற்குள் போய்விடுமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூடப் பயம். அப்படியும் மண்டித் தராசில் நான் அளவுக்கு மேலேயே இருந்தேன்.

போட்டியன்று கல்லூரித் தராசில் ஏறியபோது கண்களை இறுக மூடிக்கொண்டேன். தராசுத் தண்டில் இரும்புக் குண்டைத் தள்ளும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. இன்னொரு முறையும் கேட்டது.

"இன்னாடா இது, இவ்ளோ கொறச்சலா? உடம்புக்கு ஏதாச்சும் நோவா?" என்றார் பயிற்சியாளர்.

கண்ணைத் திறந்தேன். அளவுக்கு வெகு கீழே இருந்தேன். சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் புதிதாக ஒரு பயம் வந்தது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி அடிப்பது?

அடிக்க முடியவில்லை. முதல் சுற்றிலேயே, குத்து சரியாக விழுவதற்கு முன்பே முழங்கால் மடங்கிவிட்டது. கயிற்றைப் பிடித்து எழுந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். என் இடத்துக்கு வேறொருவன் வந்தான். சலுகையும் நின்றது.

மில்லில் சேருவதற்கு முந்தின நாள் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எங்கடா எடை பாத்த?"

"தெருமுனை விறகு மண்டியில."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அடப்பாவி மவனே! அந்தத் தராசுலயா? அது கொஞ்சம் கட்டைய வெச்சா ரொம்பக் காட்டுமேடா! வாரா வாரம் அந்தாளுகிட்ட மல்லுக்கு நின்னு ரெண்டு கட்ட கூட வாங்கினு வர்றனே, எதுக்குன்னு நெனச்ச?"

அந்தக் கட்டைகளை அவள் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தான். அம்மாவுக்கு எங்கே போனாலும் சண்டைதான் என்று வெட்கப்பட்டு, மண்டி வாசலில் தள்ளித் தள்ளி நின்றிருக்கிறேன்.

எனக்கென்று எடுத்துவைத்திருந்த கல்கல் டப்பாவை என் முன்னால் வைத்தாள். "இப்பவாச்சும் துன்னுடா."

இனி என்னை யாரும் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. மில்லில் எடை கேட்க மாட்டார்கள். ஒன்றை எடுத்தேன். வாய்வரை போன கை பயந்துபோய் அங்கேயே நின்றுவிட்டது. அம்மாதான் கல்கல்லைப் பிடுங்கித் தன் விரலால் என் வாய்க்குள் தள்ளினாள்.