எனக்கென்று விட்டுவைத்த இரண்டு சொற்கள்

என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொன்னால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன். பத்து வயதில் அந்தப் பட்டத்துக்கு அப்படி அலைந்திருக்கிறேன்.

அப்போது ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் எப்போதும் செகண்ட் ஷிப்ட். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்குவார். அவர் திரும்பும்போது நான் தூங்குவேன். அம்மா தொம்மலூரில் ஒரு ஆபீசைக் கூட்டித் துடைத்துவிட்டு ஏழரைக்குத்தான் வருவாள். நாலு மணிக்குப் பூட்டைத் திறந்தால் வீட்டில் நான் மட்டும்தான்.

எனக்கு இங்கிலீஷ் வரவேண்டும் என்று அப்பா போடச் சொன்ன பேப்பரில், தினமும் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட நாலு சொற்கள் வரும். இரண்டை அவர் கண்டுபிடித்து எழுதிவிட்டு, இரண்டை எனக்கு விட்டுவைத்துவிட்டு வேலைக்குப் போவார். ஓரத்தில், ‘மூணாவது கஷ்டம். டப்பாவில் பன் இருக்கு’ என்று எழுதியிருப்பார். பன்னைத் தின்றுகொண்டே மண்டையை உடைத்துக்கொள்வேன். அம்மா வரும்வரை பயம் தெரியாது. மறுநாள் என் விடைக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த சித்தப்பா ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “கலைஞ்ச எழுத்தத் தட்டு, வார்த்தைய அதுவே சொல்லிடும்,” என்றார். சொன்னது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில், அப்பா எழுவதற்குள், நாலையும் தட்டிப் பார்த்து நிரப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். சாயங்காலம் நாலு டிக்கும், ஒரு ‘சபாஷ்’ஷும் இருந்தன. விடுவேனா, வாரம் முழுக்க அதையே செய்தேன். வியாழக்கிழமை டிக் மட்டும் இருந்தது. சனிக்கிழமை அதுவும் இல்லை. பேப்பர் மடித்தது மடித்தபடி கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, “பேப்பர் வேணாம்னு சொல்லிட்டேன் கண்ணு. உனக்குத்தான் எல்லாம் வந்துடுச்சே,” என்றார்.

என்னிடம் தோற்ற ரோஷம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டேன். தட்டுவதற்கு எதுவும் இல்லை. விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்தபடி அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வேலை நாட்களில் என்னோடு பேச அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ரோஷக்காரர், தானாக இறங்கிவரட்டும் என்று காத்திருந்தேன்.