வாயில் ஒரு நிமிடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நாற்பது வைன் கிளாஸ் கழுவியது. சோப்பு போடக் கூடாது, வாசனை ஒட்டும். வெந்நீர் மட்டும். அவர் கழுவினார், நான் துடைத்தேன்.

அன்று ஞாயிறு. கெரின் டூலன், மலைமேல் தான் போட்ட திராட்சைத் தோட்டத்தை, வைன் ருசி பார்க்க வருகிறவர்களுக்கு முதன்முதலாகத் திறந்திருந்தாள். பனி பார்க்க மெல்பர்னிலிருந்து போகிறவர்கள் பாதி வழியில் இறங்கினார்கள். அங்கே மூன்று குளிர்காலமாகக் கொடிகளைக் கவாத்து செய்தவர் என் அப்பா, சில்வானோ. அதற்கு முன், இங்குள்ள மற்ற இத்தாலியக் குடும்பங்களைப் போல, இருபத்திரண்டு வருடம் புகையிலை பயிரிட்டார். அது ஒழிந்ததும் அடுத்தவர் கொடிகளை வெட்டப் போனார். சொந்தமாக ஒரு கொடி நட்டதில்லை. கேட்டால், "குடிக்கத்தான் ஊரே குடுக்குதே" என்பார்.

வெள்ளை வைன் இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவது, பீப்பாயிலிருந்து எடுத்த சிவப்பு. கெரின் நம்பியிருந்தது அதைத்தான். காட்டுத்தீப் புகை பதினோரு நாள் மலையில் தங்கிய கோடையின் பழம். புகை ஏறவில்லை என்று சான்று கொடுத்தது நான் வேலை பார்க்கும் ஆய்வகம். கையெழுத்து என்னுடையது.

ருசி பார்க்கிறவர்கள் வழக்கப்படி நான் கொப்பளித்துத் துப்பினேன். அப்பா துப்பவில்லை.

"என்ன சில்வோ, பல்லு வலியா? வாயிலயே வச்சிருக்கீங்க?" என்றாள் கெரின்.

விழுங்கினார். "வயசான வாயிம்மா. எல்லாத்துக்கும் லேட்டாகும்."

"வியாழக்கெழம பாட்டில்ல அடைக்கிற வண்டி வருது. முதல் பெட்டி உங்களுக்குத்தான். வேணாம்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் இருக்கு!"

காரில் ஏறியதும் சொன்னார். "லோரி, அதுல சாம்பல் இருக்கு."

"டெஸ்ட்ல ஒண்ணும் வரலையேப்பா."

"உன் மெஷினுக்கு எச்சி ஊறுமா?"

புரிந்தது. புகை பழத்தின் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் அளந்தது ஒட்டாததை மட்டும். ஒட்டியது வாயில் எச்சில் பட்டுப் பிரிய ஒரு நிமிடம் ஆகும். அதற்குத் தனிச் சோதனை உண்டு. தேவையில்லை என்று முடிவெடுத்தவள் நான்.

"திரும்பிப் போய்ச் சொல்லிடலாம்ப்பா."

"அத்தன பேர் முன்னாடியா? இன்னைக்கு ஒருநாள் சிரிச்சுக்கட்டும். புதன்கெழம கவாத்துக்குப் போறேன்ல, நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா சண்டையாகும். நான் சொன்னா அழுதுட்டு டீ போடுவா."

செவ்வாய் காலை பூட்ஸ் மாட்டும்போது மாரடைப்பு. வயது எழுபத்தொன்று.

நேற்றிலிருந்து படிவம் நிரப்புகிறேன். ஒவ்வொன்றிலும் அவர் தொழில் என்ன என்று கேட்கிறார்கள். நடுவே கெரின் போன் செய்து அழுதாள்.

"அந்தச் சிவப்ப எவ்ளோ ரசிச்சு விழுங்கினாரு லோரி. லேபிள்ல அவர் பேரையே போடப்போறேன்."

"அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன்.

இன்று புதன். எண்ணெய் போட்டு வைத்த அவருடைய கவாத்துக் கத்தரி என் காரின் பின்சீட்டில் கிடக்கிறது. பாட்டிலில் அடைக்கிற வண்டி நாளை காலை எட்டு மணிக்கு வரும். கெரினிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.