இருவருக்கும் போதுமாயிருந்த புள்ளிகள்

என்னிடம் இருந்த விமானப் புள்ளிகள் இரண்டு பேருக்குப் போதுமானவை. லண்டனிலிருந்து கோலாலம்பூர் போகும் விமானத்தில், பிசினஸ் கிளாசில், இரண்டு இருக்கைகள் காலியாகவும் இருந்தன. நான் எனக்கு மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். என் அக்காவுக்கு அதே விமானத்தின் பின்பகுதியில் ஒரு நடு இருக்கை வாங்கினேன்.

ஒருவருக்குத்தான் புள்ளிகள் போதுமாக இருந்தன என்று அவளிடம் சொன்னேன். பொய்.

என் மனைவியும் இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் சொல்லத் துணிந்ததற்குக் காரணம், உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது என்பதுதான். தெரிந்திருந்தால் இந்த வரியைத் தாண்டி என்னோடு வந்திருக்க மாட்டீர்கள்.

புள்ளிப் பைத்தியம் என்று ஒன்று உண்டு. கடனட்டையைத் தேய்த்து அரிசி வாங்கினால் புள்ளி, பெட்ரோல் போட்டால் புள்ளி. நண்பர்களோடு சாப்பிடப் போனால் பில்லை நான் பாய்ந்து பிடுங்குவேன். அவரவர் பங்கைக் கையில் வாங்கிக்கொண்டு மொத்தத்தையும் என் அட்டையில் போடுவேன். புதிதாகப் பழகியவர்கள் என்னைத் தாராள மனசுக்காரன் என்று நினைத்தார்கள். பழையவர்கள் சிரித்தார்கள். வங்கிப் புள்ளிகளை எப்போது விமான மைல்களாக மாற்றினால் கூடுதலாகக் கிடைக்கும், எந்த விமானத்தில் எந்தக் கிழமை புள்ளிக்கான இருக்கைகளைத் திறந்துவிடுவார்கள்... தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆசியாவுக்குக் கால் நீட்டிப் படுத்தபடி போய்வருவதுதான் எங்கள் கூட்டத்துக்கு மோட்சம்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால், ஒரு லோரியிலிருந்து வந்தது.

நான் மலேசியாவில் கேமரன் மலைக்காரன். பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தேன். நான் தவழும்போதே அம்மா போய்விட்டாள். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவளான சரசு அக்காதான் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். விடியற்காலையில் எனக்குக் கம்பளிச் சட்டையை மாட்டி, காதுவரை குல்லாவை இழுத்துவிட்டு, கொழுந்து பறிக்கப் போவாள். பனி விலகும் நேரத்தில் தொழிற்சாலைப் பக்கமிருந்து வாடிய இலையின் வாசம் வரும். பச்சை ஆப்பிளைக் கடித்தது போன்ற வாசம் அது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. எத்தனை அழகான காலைகள் எனக்கு வாய்த்திருந்தன!

மாதத்தில் ஒரு ஞாயிறு, தோட்டத்து லோரி எங்களை பிரிஞ்சாங் டவுனுக்குக் கொண்டுபோகும். முன்னால், டிரைவர் பக்கத்தில், கிராணி குடும்பம். கணக்கு எழுதுகிற கிராணிக்கு அது உரிமை போல. பின்னால், திறந்த பெட்டியில், நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டு போவோம். இப்படித்தான் ஏற வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எவரும் மாறி ஏறியதுமில்லை.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். மழையும் தூறிக்கொண்டிருந்தது. அக்கா கிராணியிடம் போய் நின்றாள்.

“கிராணி ஐயா, புள்ளைக்கு மேலு கொதிக்குது. முன்னால ஒரு ஓரமா ஒக்கார வச்சுக்குங்க ஐயா.”

கிராணியின் மனைவி முழங்காலை ஒதுக்கி இடம் கொடுத்தாள். உள்ளே இஞ்சின் சூடும் பவுடர் மணமும் கலந்திருந்தன. கண்ணாடியில் விழுந்த மழையை ஒரு கம்பி துடைத்துத் துடைத்துத் தள்ளியது. அந்த மலைக் குளிரில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கதகதப்பு என்னவென்று புரியும். பின்னால் அக்கா உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தாள்.

அடுத்த மாதமும் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. போய்க் கிராணியிடம் மறுபடி கேட்டாள்.

நான் படித்தேன், லண்டனில் வேலைக்குப் போனேன். என் மகள் பிறந்தபோது மனைவிக்குத் துணையாக அக்கா வந்து மூன்று மாதம் இருந்தாள். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்தாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். சரிவில் நின்று நின்று தேய்ந்த முழங்கால்கள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். சாயங்காலத்தில் மாடி பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருவதுதான் அவளுக்கு ஒரே விளையாட்டு. அந்த மூன்று மாதமும் எங்கள் வீடு லயத்து வீடு போல மணந்தது. நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளை ஊரில் கொண்டுபோய் விட நானும் விடுப்பு எடுத்தேன். கணினியில் தேடியபோது அந்த இரண்டு இருக்கைகள் வந்தன. பக்கத்துப் பக்கத்தில்! எங்கள் கூட்டத்தில் இப்படிக் கிடைத்தால் இனிப்பு கொடுப்பார்கள். ஆனால் என் விரல் நின்றுவிட்டது.

ஏன்?

அவளுக்கு அந்த இருக்கையை இயக்கத் தெரியாது, அந்தச் சாப்பாடு பிடிக்காது, அங்கே கூச்சப்படுவாள்... என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அக்காவின் குரல் பெரியது. மலைச்சரிவில் இந்தத் தேயிலை நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். ‘டேய் சேகரு, இந்த ரொட்டிய பையில போட்டுக்கலாமாடா’ என்று அந்த அமைதியில் கேட்பாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எங்கிருந்து வந்தவன் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துபோகும்.

எனக்கு என் அக்காவைப் பார்த்து வெட்கமாக இருந்தது. இதுதான் விஷயம். எழுதிவிட்டேன்.

விமான நிலையத்தில், புள்ளி போதவில்லை என்ற கதையைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

“எனக்கு எதுக்குடா முன்னால? நீ கிராணி மாதிரி முன்னால ஏறு. நான் பின்னால வர்றேன். ஒரே லோரிதானே, எல்லாரும் ஒரே நேரத்துலதான் போய்ச் சேரப் போறோம்.”

அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இருந்தது பெருமை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பகல் நேரத்து விமானம். சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களை மூடிவிட்டார்கள். இருக்கையைப் படுக்கையாக்கி, கால் நீட்டிப் படுத்தேன். ‘ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே’ என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து... என்று தள்ளிப்போட்டேன். அப்போதுதான் திரைச்சீலைப் பக்கம் அந்தக் குரல் கேட்டது.

“என் தம்பி இங்கதான் இருக்கு.”

விமானப் பணிப்பெண் மலாய்க்காரி. இருக்கை எண் என்ன என்று மலாயில் தணிந்த குரலில் கேட்டாள். அக்காவுக்கு எண் தெரியவில்லை. இருவரும் மெதுவாக நடந்து வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

நான் கண்களை மூடிக்கொண்டேன்.

என் அருகில் வந்து நின்றார்கள். இவரா என்று பணிப்பெண் கேட்டாள். எழுப்பட்டுமா என்றும் கேட்டிருக்க வேண்டும். அக்கா தன் குரலை அவ்வளவு சிறிதாக்கி நான் கேட்டதேயில்லை.

“தாக் அப்பா லா. தூங்குது, தூங்கட்டும்.”

பரவாயில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு, என் காலிலிருந்து நழுவியிருந்த போர்வையை இழுத்துப் பாதம்வரை மூடினாள். பிறகு சற்று நேரம் அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம்? தெரியாது. நான் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் எதற்காக என்னைத் தேடி வந்தாள்? கால் வலித்ததா? பயமா? பேச்சுத் துணைக்கா? நான் கேட்கவில்லை. கேட்டால் நான் விழித்திருந்தது தெரிந்துவிடும்.

கோலாலம்பூரில் இறங்கியபோது அவள் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன, செருப்பு நுழையவில்லை. “கொஞ்ச நேரத்துல வடிஞ்சிரும் லா” என்றாள். மலைக்கு ஏறும் காரில் தலையைச் சாய்த்து உறங்கிப்போனாள். திரிங்காப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிய லோரிகள் எதிரே இறங்கி வந்தன. வழியெல்லாம் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். காலில் தைலம் தேய்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா தேநீரோடு வந்துவிட்டாள். அக்காவோடு ஒரே நிரையில் பல வருடம் கொழுந்து பறித்தவள்.

“ரெண்டு பேரும் ஒண்ணாவா ஒக்காந்து வந்தீங்க?” என்று அவள் கேட்டாள்.

“தம்பி முன்னால, தொரைமாருங்க ஒக்கார்ற எடத்துல. நான் பின்னால. ஆனா சும்மா இருந்தான்னு நெனைக்கிறியா? மூணு தடவ எந்திரிச்சு வந்து பாத்துட்டுப் போனான். அக்கா சாப்டியா, அக்கா காலு நோவுதான்னு. பக்கத்துல இருந்த வெள்ளக்காரியே கேட்டா, யாரு இதுன்னு. என் தம்பின்னேன்.”

லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தாள். “இந்தக் காலத்துல யாரு தம்பி இப்படி இருக்காங்க” என்றாள். அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை.

நான் ஒருமுறைகூடப் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று தலையசைத்தேன். தைலத்தை அவளே தேய்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவளுக்கும் எனக்குமாகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகளைப் பலமுறை பிடித்தேன், பலமுறை ரத்து செய்தேன். அவள் வரமாட்டாள். காலில் இரத்த ஓட்டம் சரியில்லை, இனி நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயணம் இதற்குக் காரணமில்லை என்கிறார்கள். இருக்கலாம். புள்ளிகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. இன்னும் அரிசியை அட்டையில்தான் வாங்குகிறேன். விடமுடியவில்லை... எதற்காக என்று கேட்காதீர்கள்.

அந்தக் கதை தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கும் அத்தை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

இந்த ஆண்டு பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் அக்கா என் பக்கத்தில் இருந்தாள். எதிரே லெட்சுமி அக்காவின் மருமகள். புதிதாக அந்த வீட்டுக்கு வந்தவள், கேள்விப்பட்டதை உறுதி செய்துகொள்ள ஆசை.

“நெசமாவா அண்ணே? பிளேன்ல மூணு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாத்தீங்களாமே?”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா இலையில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

“நாலு தடவை” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. இடது கையால் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்துவிட்டு, என் இலையில் குழம்பு குறைந்திருப்பதைப் பரிமாறுகிறவனிடம் காட்டினாள்.