ஆட்டோச் செலவு பத்தாயிரம்

யோசித்துச் செலவு செய்வது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர ஒரு மிஸ் ஜீப்பில் வந்தார். அன்று புதன்கிழமை. மலையில் தேயிலைக் கொழுந்து நிறைந்து கிடந்த நேரம். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருபத்து மூன்று பேர் மத்தியானத்தோடு இறங்கிப் போய், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்குகிற பாயில் உட்கார்ந்தோம். அரைநாள் போனால் செக்ரோல் பதிவேட்டில் அரைப் பேர்தான் விழும். அன்றைய சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டு, சம்பளத்தில் எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்கப் போயிருக்கிறோம், பாருங்கள். வகுப்புக்கு வராத வீட்டுக்கு, மிஸ்ஸின் நிறுவனம் சும்மா கொடுக்கிற, தண்ணீர் பிடித்து வைக்கும் தாங்கி கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் ஒருத்தியும் எட்டிப் பார்த்திருக்க மாட்டாள்.

மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் பேசப் பேச எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செலவில் இரண்டு வகையாம். தேவை ஒன்று, ஆசை ஒன்று. "ஆசையைக் குறைச்சா மிச்சம் தானா வரும்" என்றார். வரும், வரும்! சவர்க்காரத்தை நூல் போட்டு இரண்டாக அறுத்து, ஒரு பாதி கரைந்த பிறகுதான் மறு பாதியை எடுக்கிறவள் நான். ஒரு தேங்காய் எங்கள் வீட்டில் மூன்று நாள் போகும். காஸ் அடுப்பு அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்க, கவ்வாத்து வெட்டிய மலையில் மிளாறுக் குச்சி பொறுக்கி வந்து எரிக்கிறேன். மாத்தளை டவுனில் இன்னொரு கடையில் பருப்பு பத்து ரூபாய் குறைவு என்று யாராவது சொன்னால், உச்சி வெயிலில் அந்தக் கடைக்கு நடப்பேன். எங்களிடம் ஆசையைத் தேடி வந்த மனுஷி, முதலில் தேவையாவது முழுசாக இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு. இரண்டும் சரியாக வர வேண்டும், இடிக்கக் கூடாது என்றார். நான் ஓ.எல். வரை படித்தவள். அதனால் என் தாளோடு இன்னும் ஆறு பேரின் தாளையும் என்னிடமே தள்ளிவிட்டார்கள். என் காதில் குசுகுசுவென்று ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல எழுதினேன். புருஷன் குடிக்கிற காசை எந்தப் பெண் வெளியாளிடம் சொல்லுவாள்? "அதக் கருவாட்டுல போடு" என்றாள் ஒருத்தி. "எனக்கும் கருவாட்டுலயே போட்டுரு" என்றாள் அடுத்தவள். அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகள் தின்ற கருவாட்டை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும். "நீங்க நல்லா மீன் சாப்பிடுறீங்க, புரதச் சத்து" என்று மிஸ் பாராட்டவும் செய்தார்.

என் வீட்டில் கருவாட்டில் போட முடியாது. என் புருஷன் குடிக்காதவர். பீடி சிகரெட் கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. மாத்தளையில் மிளகு, கிராம்பு வாங்கி விற்கிற முதலாளி ஒருவரிடம் லொறி ஓட்டுகிறார். கோவில் கமிட்டியில் இருக்கிறார். "ஒனக்கென்ன, தங்கமான மனுஷன்" என்று லயம் முழுக்க எனக்குச் சொல்லும். தங்கம் தினமும் சாயங்காலம் லொறியை நிறுத்திவிட்டு எங்கே போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயம் கட்டுகிற புக்கிக்கு. மாத்தளையில் நின்றுகொண்டு, எந்தச் சீமையிலோ ஓடுகிற குதிரைக்குக் காசு கட்டுவார்! அந்தக் குதிரையை டீவியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. மாதம் ஆறாயிரம், சில மாதம் அதற்கு மேலும். கேட்டால், "அடுத்த வாரம் மொத்தமாத் திரும்பிரும்" என்பார். பத்தொன்பது வருஷமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை.

இதை நான் எப்படி எழுதுவது? தங்கமான மனுஷனின் பெண்டாட்டி என்று எனக்கும் ஒரு பெருமை இருந்ததே. இல்லை என்று சொன்னால் பொய். எழுதாமல் விட்டால் கணக்கு ஆறாயிரம் இடிக்கும். எங்கே போடலாம் என்று யோசித்தேன். என் மகள் உயர்தரம் படிக்கிறாள். இரசாயனவியலைத் தமிழில் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் மாத்தளையில்தான் இருக்கிறார். சனிக்கிழமை வகுப்பு ஆறு மணிக்கு முடியும். எங்கள் பக்கம் வருகிற கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். அதனால் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஆட்டோ பிடித்து வருவார்கள். என் மகளின் பங்கு சனிக்கு ஆயிரம், மாதம் நாலாயிரம். படிப்புக்கு என்று எழுதினால் அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நம்பி, அந்த நாலாயிரத்தைப் பத்தாயிரம் என்று எழுதினேன்.

மிஸ் சிவப்புப் பேனாவோடு வந்தார். மற்றதையெல்லாம் தாண்டிவந்து நேராக அங்கேதான் நின்றார்.

"ஆட்டோவுக்குப் பத்தாயிரமா? பஸ்ஸுல வரலாமே அக்கா?"

"கிளாஸ் விடுறதுக்கு முந்தியே கடைசி பஸ் போயிருது மிஸ்."

"அப்ப ஒன்லைன்ல படிக்கலாமே. இப்ப எல்லாம் ஒன்லைன்தானே."

எங்கள் லயத்தில் ஒரு போன் பேசுவதற்கே சிக்னல் தேடிப் பாறை ஏற வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பத்தாயிரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "ஆசை" என்று எழுதிவிட்டார். நாலாயிரம் என்றால் ஒருவேளை விட்டிருப்பார். பத்தாயிரம் என்றால் நானே வட்டம் போட்டிருப்பேன். அங்கேயே எழும்பி, தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாள் வெறும் தாள்தானே, தாங்கி வந்தால் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் தாள் வீடு தேடி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஸ் வீடு வீடாக வந்தார். எங்கள் கணக்கைப் பெரிய தாளில் கலர் கலராக எழுதிக்கொண்டு வந்திருந்தார். குடும்பத் தலைவரும் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டுமாம். என் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஆட்டோ, பத்தாயிரம் என்ற இடத்தில் கண் நின்றது. தலையைத் தூக்கி என்னை ஒருதரம் பார்த்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் மகளுக்கு ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுக்கிறேன். மிச்ச ஆறாயிரம் யாருடையது என்று அவருக்கு விளங்காமல் இல்லை. நல்லாவே விளங்கியது. விளங்கிக்கொண்டுதான் பேசினார்.

"ஆமா மிஸ். நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். புள்ளயோட ஆட்டோதான் இந்த வீட்டுல பெரிய செலவு. இந்த வாரத்துல இருந்து நிப்பாட்டிருவோம்."

அந்த நேரம் என் மகள் பிளேன்டீத் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மிஸ் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். நானும் நின்றேன், சிரித்தேன் வேறு. அந்தப் போட்டோ எந்த அலுவலகச் சுவரில் தொங்குகிறதோ, என் கையில் கிடைத்தால் கிழித்துப்போடுவேன்.

அந்தச் சனிக்கிழமை மகள் வகுப்புக்குக் கிளம்பாமல் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போகவில்லையா என்று கேட்டேன்.

"பத்தாயிரம் ரூவா செலவழிச்சு நான் படிக்க வேணாம்மா."

பரீட்சைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. சாயங்காலம், கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மா வந்தாள். ஆட்டோவில் ஒரு ஆள் குறைந்ததால் அவர்கள் இரண்டு பேரின் பங்கும் இனி ஆயிரத்து ஐநூறு ஆகுமாம். "எங்களால முடியாதுக்கா. நானும் நிப்பாட்டத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எவனோ ஓட்டுகிற குதிரை எங்கள் லயத்தில் மூன்று பிள்ளைகளின் படிப்பில் வந்து மிதிக்கிறது. அதுவரை வயிற்றுக்குள் இருந்த கோபம் அப்போது தலைக்கு ஏறியது.

ஏழு மணிக்குப் புருஷன் ராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிய பையோடு வந்தார். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

"புள்ள கிளாஸுக்குப் போகல. சந்தோஷமா?"

"நானா எழுதச் சொன்னேன்? நீதானே எழுதின" என்றார்.

உண்மைதான். உண்மை என்பதால்தான் அவ்வளவு எரிந்தது. மகளின் சிவப்புப் பேனாவை எடுத்தேன். சுவரில் இருந்த தாளில் பத்தாயிரத்தை அடித்து, நாலாயிரம் என்று எழுதினேன். கீழே, பெரிய எழுத்தில், "அப்பாவின் குதிரை: ஆறாயிரம்" என்று எழுதினேன். பிறகு வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். எங்கள் வாசலைத் தாண்டாமல் லயத்தில் ஒருவரும் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போக முடியாது.

"கதவச் சாத்து. நாலு பேரு பாத்தா என் மானம் என்னா ஆகுறது?"

"ஒங்க மானத்துக்கு மாசம் ஆறாயிரம். அத எம்புள்ளதான் கட்டணுமா?"

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இப்போதெல்லாம் புக்கிக்கு என்னிடம் காசு கேட்பதில்லை, அவ்வளவுதான் தெரியும். அடுத்த முறை வந்த மிஸ் அந்தத் தாளைப் பார்த்து முகம் சிவந்து, "அக்கா, குதிரைக்கு எங்க ஃபோர்ம்ல இடம் இல்லையே" என்றார். இடம் இருந்திருந்தாலும் நான் அன்றைக்கு எழுதியிருக்க மாட்டேன். அதை நினைக்கும்போது மிஸ் மேல் இருக்கிற கோபம் என் பக்கம் திரும்பிவிடுகிறது.

அன்று புருஷனிடம் கத்தி முடித்த கையோடு, ஜெயித்துவிட்ட மாதிரி மகளிடம் போனேன். கட்டிலில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆட்டோவுக்கு நாலாயிரம்தான், மிச்சமெல்லாம் அப்பா குதிரைக்குக் கட்டினது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா புக்கிக்குப் போறது எனக்கு எட்டாம் வகுப்புலயே தெரியும்மா" என்றாள்.

"தெரிஞ்சுமா நீ கிளாஸுக்குப் போகல?"

"அப்பா பொய் சொல்லுவாரு. அது பழகிருச்சு. ஆனா இத எழுதினது நீங்க. என் கணக்குல எழுதினீங்க."

அத்தனை நேரம் நான் கத்திய கத்தலில் ஒரு சொல்கூட அவளுக்குப் பதிலாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் போனாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் போனார்கள். கிளம்பும்போது ஆயிரம் ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தாள். திகதி போட்டு, ஆட்டோ, ஆயிரம் என்று எழுதினாள். எழுதிய பக்கத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்கம்மா."

விளையாட்டாக்கும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. மலையில் கங்காணியிடம் வாய் காட்டுகிறவள், கடைக்காரனிடம் பத்து ரூபாய்க்குச் சண்டை பிடிக்கிறவள் நான். அவளிடம் மட்டும் பேசாமல் கொப்பியை வாங்கி, ஆயிரம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.