பீவரின் காதுக்கு ஒரு மதகு

ஐஷ் ஆற்றுப் பக்கத்துக் குளத்துக்காரர்களுக்கு அக்டோபர் வந்தால் வேறு நினைப்பே கிடையாது. மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, குளத்தை வடிய விட்டு, மூன்று கோடை வளர்ந்த கெண்டைகளை அள்ள வேண்டும். அந்த வருடம் அவர்களில் ஒருவரான ஓட்மர் பகலில் பலகையை உருவினால், விடிவதற்குள் அந்த இடம் சேறும் குச்சியுமாக அடைபட்டிருந்தது. நாலு நாளாக இதே கூத்து. யார் வேலை என்று ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை காலை அவர் ரோஸ்விதாவைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள், நாலு வெள்ளாடு வளர்க்கிறாள், மிச்ச நேரத்தில் அந்த வட்டாரத்தின் பீவர் ஆலோசகர்; மரத்தைக் கடித்துத் தள்ளி ஆற்றில் அணை கட்டுகிற பீவருக்கும் ஊராருக்கும் நடுவே பேசுகிறவள். சம்பளமில்லாத பதவி. நூறு வருடமாக ஆற்றில் இல்லாத பிராணியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் வேறு யாரோ. ஏச்சு வாங்குவது அவள்.

"உன் சொந்தக்காரன் மறுபடி வந்துட்டான். சனிக்கிழமை மீன் லாரி வருது. அதுக்குள்ள தண்ணி வடியலைன்னா, அதைச் சுட அனுமதி கேக்குற இந்த மனுவை அனுப்பிடுவேன். அப்புறம் வேட்டைக்காரன் பாத்துக்குவான்," என்றார் ஓட்மர்.

குளக்கரைப் பொந்தில் பெரியவை இரண்டு, குட்டிகள் மூன்று. மனு போனால் ஐந்துக்கும் குண்டுதான்.

போன வருடம் மதகைச் சுற்றி அவள் கம்பி வலை கட்டிப் பார்த்தாள். பீவர் அதன் மேலேயே சேற்றைப் பூசிவிட்டது. "ரோஸ்விதா கம்பி வாங்கிக் குடுத்தா, மேஸ்திரி வேலையை முடிச்சுட்டான்," என்று மதுக்கடையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வருவதில்லை. குறுகுறுப்புதான். இத்தனை பெரிய குளத்தில், தண்ணீர் போகிற ஒரே ஓட்டை இதுதான் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

அன்று ஓட்மர் அடைப்பை எடுத்ததும் அவள் மதகின் மேல் குப்புறப் படுத்து, சிமெண்டில் காதை வைத்தாள்.

"என்னடி, அதுக்குச் சளியா? நெஞ்சுல காத வச்சுப் பாக்குற?"

"சும்மா இரு, ஓட்மர். இது கத்துது."

உள்ளே ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிற ஓசை. வீட்டில் சொட்டும் குழாயைத் தூக்கத்திலிருந்து எழுந்துபோய் மூடுகிற மனுஷனைப் போலத்தான் பீவரும், இந்தச் சத்தம் கேட்டுத்தான் வருகிறது என்று அவளுக்குப் பட்டது.

வியாழக்கிழமை மதகுக்குள் வைக்கோல் மூட்டைகளைச் சரிவாக இறக்கினாள். தண்ணீர் விழாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று, சத்தம் அடங்கியது. மூட்டை போடுவதற்கு முன்பே அந்த ஓசையைத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். பேருந்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடும் ஸ்பீக்கரைக் கழற்றி வந்து, கீழேயுள்ள வாய்க்காலில் ஒரு வில்லோ மரத்தின் வேரில் கட்டி, அந்த ஓசையை ஓட விட்டாள். வாய்க்கால் போவது அவளுடைய புல்வெளி வழியாக. வேறு யார் நிலத்தில் வைக்க முடியும்?

"பீவருக்குக் கச்சேரியா?" என்றார் ஓட்மர். "டிக்கெட் உண்டா?"

வெள்ளிக்கிழமை காலை மதகில் ஒரு சுள்ளிகூட இல்லை. வாய்க்காலில் முழங்கால் உயரத்துக்கு அணை நின்றது. அதன் நடுவே, சேற்றுக்குள்ளிருந்து ஸ்பீக்கர் இன்னும் களகளத்துக்கொண்டிருந்தது. ஓட்மர் அதன் பக்கத்தில் குந்தி வெகுநேரம் கேட்டார். "சத்தத்தைப் புதைச்சிருக்கான்டி," என்றார், குரலைத் தாழ்த்தி.

சனிக்கிழமை லாரி நிறையக் கெண்டை போயிற்று. ஆனால் குளம் வடித்த தண்ணீரெல்லாம் அந்த அணையில் நின்றது. பீவர் அதைத் தினமும் நாலு விரற்கடை உயர்த்தியது. இரண்டு வாரத்தில் ரோஸ்விதாவின் புல்வெளியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள்.

ஓட்மர் தன் மனுத் தாளோடு வந்தார். "அணையைப் பிரிக்கவும் அனுமதி வேணுமில்ல? என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதிக்கோ." கிண்டல் பாதி, அக்கறை பாதி.

தண்ணீர் ஓரத்தில் பத்து மீட்டரைப் பீவருக்கு விட்டுவிடுங்கள் என்று பதினோரு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து உபதேசம் செய்தவள் அவள். இது பத்து அல்ல, நாற்பது மீட்டர். ஆடுகளின் புல். தாள் குளிர்காலம் முழுக்கக் குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடந்தது. எழுதவுமில்லை, கிழிக்கவுமில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் ஓட்மர் கதவைத் தட்டினார். "அந்த ஸ்பீக்கரை நிறுத்தித் தொலை. என் வீடு வரைக்கும் கேக்குது."

"அது போன வருஷமே செத்துப்போச்சு."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். தேங்கிய தண்ணீரில், நாணலுக்கு நாணல் விரல்நுனி அளவு பச்சை மரத்தவளைகள், தொண்டை உப்பக் கத்திக்கொண்டிருந்தன. ஓட்மர் சிறுவயதுக்குப் பிறகு அவற்றைப் பார்த்ததில்லை. பூட்ஸோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"சரி, உன் ஆடுங்க என்ன திங்கும்?" என்றார், தவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன் குளக்கரையில புல்லு இடுப்பளவு நிக்குது. வருஷா வருஷம் வெட்ட ஆள் இல்லைன்னு நீதானே புலம்புற?"

"ஆக, பீவரும் உன்னுது, ஆடும் உன்னுது, கரை மட்டும் என்னுதா?"

"ஆமா."

ஓட்மர் அடுத்த நாணலுக்குக் குனிந்தார். "திங்கக்கிழமை ஓட்டிட்டு வா," என்றார். "மதகுப் பக்கம் மட்டும் விட்டுடாத. அங்கயும் எதையாவது கட்டிடப் போவுதுங்க."