சதுரங்கப்பட்டினத்தில் மூன்றாவது கோல்

பஸ் டயர் வெடித்துவிட்டது. சரிசெய்ய ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். டச்சுக் கோட்டைக்குப் பின்னாலிருந்து கூச்சல் கேட்க, அங்கே நடக்கிறேன். இரண்டு மீனவக் குப்பங்களுக்கிடையே கால்பந்து இறுதி ஆட்டம். உள்ளூர் அணி இரண்டு கோல் பின்தங்கியிருக்கிறது.

பக்கத்தில் நிற்கும் பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். உள்ளூர் அணியின் முன்வரிசையில் வெறுங்காலுடன் ஆடும் ஏழுமலை அவள் புருஷன்.

"போன வருசம் இதே ஃபைனல்ல, காலுக்கு வந்த கோலை வுட்டுட்டாரு சார். அத்தோட எவனும் அவரைப் படகுல ஏத்தல. கால்வாய்ல எறா புடிச்சிகினு கீறாரு."

"இன்று எப்படிச் சேர்த்தார்கள்?"

"ஆட வேண்டியவனுக்கு ஜுரம். இவரு நேத்துலேர்ந்து சோறே துன்னல."

காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. உயரமாக வரும் பந்தை ஏழுமலை மார்பில் வாங்கி, அது தரையைத் தொடுமுன் திரும்பி உதைக்கிறான். கோல். அடுத்த பந்தை வாங்கும்போது இருவர் இடித்துத் தள்ளுகிறார்கள். எழுந்து அதையும் அடித்துவிடுகிறான். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து கம்பத்தைத் தாண்டி வெளியே போகப் பார்க்கிறது. மற்றவர்கள் நின்றுவிட, அவன் மட்டும் சறுக்கிப் பாய்ந்து உள்ளே தள்ளுகிறான்.

விசில். கூட்டத்திலிருந்து ஒரு படகுக்காரர் ஓடிவந்து ஏழுமலையின் தோளைப் பிடிக்கிறார். "காலைல வந்துடு மச்சான். உன் எடம் அப்படியே கீது."

மூச்சிரைக்க ஏழுமலை சொல்கிறான்: "வரேன் அண்ணாத்த. ஆனா அடுத்த வருசம் எவன் கோலை வுட்டாலும், அவனையும் படகுல ஏத்தணும். இன்னா சொல்ற?"

படகுக்காரர் அவன் தோளில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுகிறார். பிறகு, "சரிப்பா" என்கிறார்.